கோழி கூவுமா?

சென்ற வாரம் ஒரு நாள் சாயங்காலம் என் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தாள். வழக்கமாக வாசற்படியிலேயே "பாட்டி, பசிக்கிறது!" என்று குரல் கொடுப்பவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தமிழ் நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் விரித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாலாம் வகுப்புப் படிக்கும் பெண். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது; ஆனால் விழவில்லை.

நோட்டைப் பார்த்தேன். 'கிராமத்தில் ஒரு காலை' என்று தலைப்பு. அதன் கீழே பத்து வரி. முதல் வரி, 'விடியற்காலையில் கோழி கூவியது' என்றிருந்தது. 'கோழி' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதன் மேல் 'சேவல்' என்று திருத்தி, ஓரத்தில் அரை மார்க் குறைத்திருந்தார் ஆசிரியை.

"தாத்தா, கோழி கூவுமா, கூவாதா?" என்று கேட்டாள்.

சேவல்தானே கூவும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே மேலும் கேட்டாள்: "பாட்டி தினமும் 'கோழி கூவிவிட்டது, எழுந்திரு' என்றுதானே என்னை எழுப்புகிறாள்? பாட்டி சொல்வது தப்பா?"

தர்மசங்கடமான கேள்வி. ஆசிரியை சொல்வது தப்பு என்று குழந்தையிடம் சொல்லக்கூடாது. பாட்டி சொல்வது தப்பு என்று எவரிடமுமே சொல்லக்கூடாது. அதிலுள்ள அபாயத்தைக் குடும்பஸ்தர்களான நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகையால் பெரிய மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் உபாயத்தையே நானும் கைக்கொண்டேன். "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்றேன். அன்றிரவு அலமாரியிலிருந்த பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மார்க்குக்காகத் தொடங்கிய விசாரணை இரண்டாயிரம் வருஷம் பின்னால் போய் நின்றது.

இரண்டு பெண்பாற் புலவர்கள்

முதலில் கையில் அகப்பட்டது குறுந்தொகை. அதில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய ஒரு சின்னஞ்சிறு பாட்டு உண்டு. இரவு முழுதும் காதலனோடு இருந்த பெண் ஒருத்தி. வெளியே கூவும் ஓசை கேட்கிறது. அவள் நெஞ்சு திடுக்கிடுகிறது. தோளைத் தழுவியிருக்கும் காதலரை வாள் கொண்டு வெட்டிப் பிரிப்பதுபோல் விடியற்காலம் வந்துவிட்டதே என்று கலங்குகிறாள். நாலே வரியில் இவ்வளவும் வந்துவிடுகிறது. அந்தப் பாட்டிலே அப்படிக் கூவிய பறவை எது என்று பார்த்தால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் கோழி என்றே போட்டிருக்கிறது. சேவல் என்ற சொல்லே அங்கே கிடையாது. என் பேத்தி எழுதியதைத்தான் நன்முல்லையாரும் எழுதியிருக்கிறார். அவருக்கு அரை மார்க் குறைத்தவர் எவருமில்லை.

அதே குறுந்தொகையில் இன்னொரு பெண்பாற் புலவர், ஒக்கூர் மாசாத்தியார், வேறொரு காட்சியைக் காட்டுகிறார். மாலை நேரம். வேலியோரத்தில் காட்டுப் பூனைகள் வந்துவிட்டன. வீட்டில் வளரும் கோழி தன் குஞ்சுகள் போகுமிடம் தெரியாமல் திகைத்து ஒன்றுகூடியிருப்பதைக் கண்டு, பயந்து, அவற்றைக் கூப்பிட்டுக் கதறுகிறது. இங்கே பேசப்படுவது தாய். ஆனால் புலவர் அதை வெறுமே கோழி என்று சொல்லி விட்டுவிடவில்லை. கோழியினுடைய பேடை என்று பிரித்துச் சொல்கிறார். அதன் கால் குட்டை என்பதைக்கூட விடவில்லை. குஞ்சு என்றும் சொல்லாமல் பிள்ளை என்கிறார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது. அந்தக் காலத்தில் கோழி என்பது இனத்தின் பெயர். ஆணும் கோழி, பெண்ணும் கோழி. பெண்ணைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால் கோழிப்பேடை; ஆணைக் குறிப்பிட வேண்டுமானால் கோழிச்சேவல்.

அப்படியானால் சேவல் என்பது என்ன? தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயல் இருக்கிறது. எந்தப் பிராணியின் ஆணுக்கு, பெண்ணுக்கு, குட்டிக்கு என்ன பெயர் சொல்வது என்று வரிசையாக விதித்திருக்கிறார்கள். அதன்படி சேவல் என்பது சிறகுள்ள எல்லாப் பறவைகளின் ஆணுக்கும் பொதுவான பெயர்; மயில் ஒன்றுதான் விலக்கு. அன்னத்தின் ஆணும் சேவல், புறாவின் ஆணும் சேவல். கோழியினத்துக்கு அந்தச் சொல் தனிச் சொத்து அல்ல. பறவைகளின் இளமைப் பெயர் பார்ப்பு, பிள்ளை என்பவை. பெட்டைக்கோ 'அளகு' என்று ஓர் அழகான பெயர் இருந்தது. கோழியும் கூகையும் தவிர மற்றப் பறவைகளின் பெண்ணுக்கு அதைச் சொல்லக்கூடாதாம். மயிலுக்கு மாத்திரம் ஒரு சலுகை. அளகு என்ற அந்தச் சொல்லை இன்று எந்தச் சந்தையிலாவது சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்!

கொடியும் நகரமும்

முருகனுடைய கொடி சேவற்கொடி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் அந்தக் கொடியை ஓரிடத்தில் கோழியாகவும், வேறோரிடத்தில் சேவலாகவும், மற்றோரிடத்தில் வாரணமாகவும் சொல்கிறார். மூன்று சொல், ஒரே பறவை. கோழி என்றால் பெட்டைதான் என்ற எண்ணம் அப்போது இருந்திருந்தால், போர்க்களத்தில் வெற்றிக்கு அடையாளமாக உயர்த்திய கொடிக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருப்பாரா?

வாரணம் என்ற சொல்லிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. அது யானைக்கும் பெயர், கோழிக்கும் பெயர். சோழர்களின் பழைய தலைநகரான உறையூருக்குக் கோழி என்று ஒரு பெயர் உண்டு. அதற்குக் காரணமாக ஒரு கதை சொல்வார்கள். அந்த நிலத்தில் ஒரு கோழி, அரசனுடைய யானையை எதிர்த்து அடித்து விரட்டியதாம். 'இந்த மண்ணுக்கே இவ்வளவு வீரமா!' என்று வியந்து அரசன் அங்கேயே நகரத்தைக் கட்டினானாம். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் உறையூருக்குள் புகும் இடத்தில் இந்தக் கதையைச் சுட்டுகிறார். முறம்போன்ற காதுடைய வாரணத்தைச் சிறகுடைய வாரணம் வென்றது என்று சொல்லை வைத்தே விளையாடியிருக்கிறார்.

இந்தக் கதையை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் பெயர் என்னவோ நிஜம். பாண்டிய நாட்டிலிருந்த பிசிராந்தையார், 'உம்முடைய அரசன் யார்?' என்று கேட்டவர்களுக்கு, கோழி என்னும் ஊரிலிருக்கும் கோப்பெருஞ்சோழன் என்று புறநானூற்றில் பதில் சொல்கிறார். குறுங்கோழியூர் கிழார் என்று ஒரு புலவரும் இருந்தார். வைஷ்ணவர்களுக்கு உறையூர் இன்றும் திருக்கோழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருச்சிராப்பள்ளி நகரத்தின் ஒரு பகுதியாக உறையூர் கலந்துவிட்ட பிறகும் அந்தப் பெயர் அழியவில்லை.

புத்தகத்தை நம்பாதவர்களுக்குக் கல்லும் சாட்சி சொல்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. சுமார் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுகல் என்றால் போரில் விழுந்த வீரனுக்கு எடுப்பது வழக்கம். இந்தக் கல்லிலோ கம்பீரமாகச் செதுக்கியிருப்பது ஒரு சண்டைச் சேவலை. முகையூர் மேற்சேரியைச் சேர்ந்தது என்று ஊரும் சேரியும் பொறித்திருக்கிறார்கள். போரிட்டு மாண்ட அந்த ஆண் பறவையைக் கல்வெட்டு எப்படிக் குறிப்பிடுகிறது தெரியுமா? கோழி என்றுதான்.

எதிர்வீட்டுக் கோடீசுவரர்

மறுநாள் காலையில் எதிர்வீட்டு நண்பர் பத்திரிகை வாங்கிப்போக வந்தார். கடப்பைப் பக்கம் பூர்வீகம். இங்கே வந்து முப்பது வருஷமாகியும் அவர் பேச்சில் தெலுங்கு மணம் போகவில்லை. விஷயத்தைச் சொன்னேன். "எங்கள் கிராமத்து வீட்டில் இப்போதும் ஒரு கோடி இருக்கிறது" என்றார் அவர். நான் ஒரு கணம் பிரமித்துப் போய், இவ்வளவு பெரிய பணக்காரர் ஏன் நம் வீட்டுப் பத்திரிகையை இரவல் வாங்குகிறார் என்று யோசித்தேன். பிறகுதான் புரிந்தது. நம்முடைய கோழி தெலுங்கில் கோடி!

இதில் ஒழுங்கு இருக்கிறது. நம்முடைய ழகரம் தெலுங்கில் டகரமாகும், கன்னடத்தில் ளகரமாகும். நமக்கு ஏழு, தெலுங்கருக்கு ஏடு, கன்னடியருக்கு ஏளு. அதேபோல் கோழி, கோடி, கோளி. துளு பேசும் மங்களூர்ப் பக்கத்தில் கோரி. அங்கே கோரி ரொட்டி பிரசித்தமான உணவு. மலையாளத்தில் நம்மைப் போலவே கோழி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஆணைத் தெலுங்கில் 'கோடி புஞ்சு' என்பார்கள், பெண்ணைக் 'கோடி பெட்ட' என்பார்கள். குஞ்சுக்குப் பெயர் 'கோடி பில்ல'. மாசாத்தியார் சொன்ன பிள்ளை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது! மலையாளத்தில் ஆண், 'பூவன் கோழி', பெண், 'பிடக்கோழி'. அந்தப் பிட என்பது நம்முடைய பெடைதான். ஆக, நம் சகோதர பாஷைகளில் கோழி இன்றைக்கும் பொதுப்பெயராகவே இருந்து வருகிறது. நாம் மாத்திரம் ஆணைச் சேவல் என்று தனியே பிரித்துவிட்டுக் கோழியைப் பெட்டைக்கு ஒதுக்கிவிட்டோம்.

ஏன் அப்படி ஆயிற்று? ஒரு வீட்டில் பத்துப் பெட்டை இருந்தால் சேவல் ஒன்றோ இரண்டோ இருக்கும். முட்டையிடுவது, அடைகாப்பது, குஞ்சுகளை மேய்ப்பது, குப்பையைக் கிளறுவது எல்லாம் பெட்டை. நாள் முழுதும் கண்ணில் படுவதற்கு இனத்தின் பெயர் நிலைத்துவிடுகிறது. எருமை என்றவுடன் பால் கொடுக்கும் எருமைதானே நினைவுக்கு வருகிறது? ஆணுக்குக் கடா என்று வேறு சொல் தேட வேண்டியிருக்கிறது. அதே கதைதான் இது.

ஆகவே ஆசிரியையின் பேரிலும் குற்றமில்லை. இன்றைய பாட புத்தகத்தில் சேவலும் கோழியும் ஆணும் பெண்ணுமாக எதிரெதிரே நிற்கின்றன. சேவல் கூவும், கோழி கொக்கரிக்கும் என்பது இன்றைய மரபு. ஆனால் விடியலைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாக்கு பழைய மரபை விடவில்லை. 'கோழி கூவுகிற நேரம்' என்று தமிழ்நாட்டில் எந்தப் பாட்டியும் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்தில் கோழி இன்னும் சங்க காலத்துக் கோழி.

நாட்டுக்கோழி வந்த கதை

இந்தச் சொல்லுக்குச் சுற்றத்தார் அதிகம். தண்ணீரில் திரிவது நீர்க்கோழி. காட்டில் திரிவது காட்டுக்கோழி. கடல் கடந்து வந்தவற்றில் கினிக்கோழி ஒன்று, வான்கோழி ஒன்று. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் அது மற்றத் தேசங்களுக்குப் பரவிற்று. 1612ஆம் வருஷம் கோவாவிலிருந்து தம்மிடம் வந்து சேர்ந்த ஒரு வான்கோழியைக் கண்டு ஜஹாங்கீர் பாதுஷா அதிசயப்பட்டு, அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைத் தம் சரித்திரக் குறிப்பில் எழுதினார். அதை மன்சூர் என்ற சித்திரக்காரர் வரைந்த படம் புகழ்பெற்றது. மயிலைப் பார்த்துத் தானும் ஆட முயன்ற வான்கோழியை மூதுரையில் படித்திருக்கிறோம். அந்தப் பாட்டு கொலம்பஸுக்கு முற்பட்டதானால், அதில் ஆடிய வான்கோழி இன்று நாம் காணும் அமெரிக்கப் பறவையாக இருக்க முடியாது. சொல் பழையதாக இருந்து, புதிதாக வந்த பறவை அதில் குடியேறியிருக்க வேண்டும்.

நம் கண்முன்னே நடந்த மாறுதல் இன்னொன்று. ஒரு காலத்தில் கோழி என்றால் போதும். கூடையைக் கவிழ்த்து மூடி வைப்பதற்குப் பெயர் பஞ்சாரம். முட்டையிடும் பருவத்தை எட்டும் இளம் பெட்டை விடைக்கோழி. முட்டையின்மேல் உட்கார்ந்திருப்பது அடைக்கோழி. வயசையும் வேலையையும் வைத்துப் பெயர் சொன்னோம். பிறகு பண்ணைகள் வந்தன. இத்தாலிய தேசத்து லிவோர்னோ துறைமுகத்தின் பெயரால் வழங்கும் வெள்ளை லெகார்ன் வந்தது. நாமக்கல் முட்டை நகரமாயிற்று. இப்போது முட்டைக்கோழி, கறிக்கோழி என்று இரண்டே ஜாதி. நமக்கு அது என்ன கொடுக்கிறது என்பதுதான் அதன் பெயர். இவற்றிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக, ஆதியிலிருந்து நம் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிக்கு 'நாட்டு' என்று ஓர் அடைமொழி தேவைப்பட்டது! சொந்தக்காரனே தன் வீட்டுக் கதவைத் தட்டி, 'நான் இந்த வீட்டுக்காரன்' என்று சொல்லிக்கொள்வது போலல்லவா இருக்கிறது இது?

ஆனாலும் அந்நியம், சுதேசம் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை ஆசியக் காடுகளிலுள்ள செந்நிறக் காட்டுக்கோழி. அது மனிதனை அண்டிய கதையைப் பற்றி 2022இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று ருசிகரமானது. வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தில் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. காலம் சுமார் கி.மு. 1650 முதல் 1250 வரை. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குத் தானியம் பொறுக்க வந்த பறவை, அப்படியே மனையில் தங்கிவிட்டது என்கிறார்கள். அதற்கு முன்பே, 2008இல், இன்னொரு சங்கதி வெளியாகியிருந்தது. கோழியின் காலிலும் தோலிலும் தெரியும் மஞ்சள் நிறம் செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல. நமது தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் வழியாகக் கலந்தது என்று கண்டுபிடித்தார்கள். ஆகையால் சீமையிலிருந்து வந்த மஞ்சள் கால் கோழியும் நம் மலைச்சாரலின் ஓர் அடையாளத்தைத் தன் காலிலேயே சுமந்து வந்திருக்கிறது.

பாட்டியின் வழக்கு

அன்று சாயங்காலம் பேத்தியை உட்கார வைத்து இவ்வளவையும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நான் எழுதியது சரி!" என்று குதித்தாள். அடுப்பங்கரையிலிருந்து வந்த என் மனைவி, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே எங்களோடு உட்கார்ந்தாள்.

"கோழி கூவினால் மார்க் குறைத்தார்கள், அவ்வளவுதானே? எனக்குப் படிப்பையே நிறுத்தினார்கள்" என்றாள்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் அவளோடு குடித்தனம் செய்கிறேன். இந்தக் கதையை நான் கேட்டதில்லை. எட்டாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறியிருக்கிறாள். மேலே படிக்க நாலு மைல் தள்ளியுள்ள ஊருக்குப் போக வேண்டும். அவளுடைய தகப்பனாருக்கு அரை மனசு. கூடத்தில் பெரியவர்கள் கூடிப் பேசும்போது, இவள் துணிந்து முன்னால் வந்து, "நான் நடந்து போய்ப் படிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுடைய பெரியப்பா சிரித்துக்கொண்டே, "பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியப் போகிறது?" என்றாராம். கூடத்திலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம்.

"அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை" என்றாள்.

பழமொழியின் பலம் அதுதான். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர்கள் சிரித்தால் போதும், வழக்கு முடிந்துவிடும். கோழி என்ற சொல் பெட்டைக்கென்று ஒதுங்கியதில் தோஷம் ஒன்றுமில்லை. ஆனால் அதோடுகூடப் பெட்டை என்ற சொல் இகழ்ச்சிச் சொல்லாயிற்றே, அதுதான் துக்கம். குறுந்தொகைப் புலவர் தம் பாட்டிலே இடம் கொடுத்துப் பாடிய பேடை அது. காட்டுப் பூனைக்கு அஞ்சிக் குஞ்சுகளைக் கூவியழைத்த அந்தக் குரல், கூடத்தில் சிரிப்பதற்கு உரிய குரலாகிவிட்டது!

அந்தப் பழமொழியைத்தான் ஒரு கை பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. முதலாவது, பெட்டைக்கோழி கூவவே கூவாது என்பது சரியல்ல. கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்கிறது. நோயினாலோ வேறு காரணத்தாலோ அது கெட்டுப்போனால், அபூர்வமாகச் சில பெட்டைகளுக்குக் கொண்டை பெருக்கும், சேவலைப் போல் இறகு முளைக்கும், சேவலைப் போலக் கூவவும் செய்யும். இந்த உண்மை தெரியாத காலத்தில், 1474ஆம் வருஷம், சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில், முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவலைப் பிடித்து வழக்கு விசாரித்து நெருப்பிலிட்டுக் கொளுத்தினார்கள். பாவம், அது உண்மையில் உருமாறிய பெட்டையாகவே இருந்திருக்கலாம்!

இரண்டாவது, இதைவிட முக்கியம். ஜப்பானில் நகோயா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2013இல் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். சேவல்களை மங்கலான ஒரே வெளிச்சத்தில், விடியலும் அஸ்தமனமும் தெரியாதபடி அடைத்து வைத்தார்கள். அப்போதும் அவை ஏறக்குறைய நாளுக்கொருமுறை, விடியற்காலம் என்று தம் உடம்புக்குத் தோன்றிய நேரத்தில் கூவின. உடம்புக்குள்ளேயே ஒரு கடியாரம் இருக்கிறது. பொழுது விடியப் போவதை அது முன்கூட்டியே அறிந்துகொள்கிறது; அறிந்ததைக் குரலெடுத்துச் சொல்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்பது வாஸ்தவம். சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை என்பதும் அதே அளவு வாஸ்தவம். விடியப் போவதை யார் முதலில் உணர்கிறார்களோ அவர்கள் குரல் கொடுக்கிறார்கள். அன்று அந்தக் கூடத்தில் பொழுது விடியப் போவதை உணர்ந்தது பதின்மூன்று வயசுப் பெண் ஒருத்தி மட்டுமே. பெரியவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதை நான் சொன்னபோது என் மனைவி பதில் ஒன்றும் சொல்லவில்லை. பேத்திதான் கேட்டாள்:

"பாட்டி, அப்புறம் நீங்கள் படிக்கவே இல்லையா?"

"படித்தேனே. உன் அப்பா பாடத்தையெல்லாம் அவனோடு உட்கார்ந்து படித்தேன். இப்போது உன்னோடு நாலாம் வகுப்பு வரைக்கும் வந்திருக்கிறேன்."

குழந்தை சற்று நேரம் நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். அரை மார்க்கைப் பற்றி அதன் பிறகு அவள் பேசவில்லை.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே ஆசிரியையிடம் போய், உறையூருக்குக் கோழி என்று பெயர் இருந்ததையும், நடுகல்லில் கோழி இருப்பதையும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் நல்லவர், கோபித்துக்கொள்ளவில்லை. "பரீட்சையில் சேவல் என்றே எழுது. ஆனால் நீ சொன்னதை நாளைக்கு வகுப்பில் எல்லோருக்கும் எழுந்து சொல்" என்றாராம். மார்க்கைத் திருத்தவில்லை. அது நியாயந்தான், இன்றைய மரபும் மரபுதானே?

மறுநாள் விடியற்காலையில் எனக்கு விழிப்புக் கொடுத்தது. பின்தெருவில் எங்கோ ஒரு சேவல் நீளமாகக் குரலெடுத்தது. இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. உள்ளறையில் வளையல் ஓசையும், அதைத் தொடர்ந்து என் மனைவியின் குரலும் கேட்டன.

"கோழி கூவிவிட்டது, எழுந்திரு அம்மா! இன்றைக்கு நீ வகுப்பில் பேச வேண்டும்."